கடைசித் துறையின் பெயர்: ஐரோப்பாவில் ஆரஞ்சு என்னும் சொல்லின் வழியே

ஐரோப்பாவின் தென்மேற்கு முனையிலிருந்து வடக்கும் கிழக்குமாகச் செல்லும் பயணி, ஒரே பழத்தைச் செவில் நகரில் 'நரான்ஹா' என்றும், பலெர்மோவில் 'அரான்ச்சா' என்றும், ஆம்ஸ்டர்டாமில் 'சினாசாப்பெல்' என்றும், ஹாம்பர்கில் 'அப்ஃபெல்சீனெ' என்றும், வார்சாவில் 'பொமரான்ச்சா' என்றும், ஏதென்ஸில் 'போர்த்தொகாலி' என்றும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தின் வழியாக 'ஆரஞ்சு' என்று தமிழில் வழங்கும் அப்பழத்தின் ஐரோப்பியப் பெயர்கள், எண்ணிக்கையில் பலவாகத் தோன்றினாலும், பெரும்பாலும் மூன்று கிளைகளில் அடங்கிவிடுகின்றன: இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியாகச் சென்ற 'நாரங்க' என்னும் சொல்லின் வழிவந்தவை, 'சீனத்து ஆப்பிள்' என்று பொருள்படுபவை, போர்ச்சுகல் நாட்டின் பெயரையே பழத்துக்குச் சூட்டியவை. பழம் எந்த மண்ணில் தோன்றியது, யார் அதை முதலில் பயிரிட்டனர் என்பவற்றைப் பற்றி இப்பெயர்கள் சொல்வது சொற்பமே. எந்தத் துறைமுகத்திலிருந்து, எவர் கைவழியாக அது கடைசியாக வந்து சேர்ந்தது என்பதைத்தான் அவை விடாமல் நினைவில் வைத்திருக்கின்றன.

சமற்கிருத 'நாரங்க' திராவிட மொழியொன்றிலிருந்து பெற்ற சொல் என்றும், தமிழின் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அதன் உறவுகள் என்றும் சொற்பிறப்பியல் அகராதிகள் பலவும் கருதுகின்றன. மணத்தைக் குறிக்கும் 'நாறு' என்னும் வேரிலிருந்து இச்சொல் கிளைத்திருக்கலாம் என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தைக் குறித்தது என்பதால் அவ்விளக்கம் காதுக்கு இனிக்கிறது என்றாலும், நாரத்தையில் இருப்பது இடையின ரகரம், நாற்றத்தில் இருப்பது வல்லின றகரம் என்ற தடையை அது தாண்டியாக வேண்டும். சொல் தெற்கத்தியது என்பதால் மரமும் தெற்கத்தியது என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி முதலிய மரங்கள் அடங்கிய பேரினம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில், அசாமும் வட மியன்மரும் மேற்கு யுன்னானும் நெருங்கும் நிலப்பகுதியில் தோன்றியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஐரோப்பா அறிந்த ஆரஞ்சுகள் இரண்டும், அதாவது கசப்பு ஆரஞ்சும் இனிப்பு ஆரஞ்சும், பம்ளிமாசும் கமலா ஆரஞ்சின் இனமான மாண்டரினும் கலந்து பிறந்தவை. இவ்விரண்டும் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு இடைவெளியில், வேறுவேறு வணிகர்களின் கையால் அக்கண்டத்தை அடைந்தன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பெயர்களின் குழப்பம் தெளியும்.

முதலில் சென்றது கசப்பு ஆரஞ்சு. பாரசீகத்தில் 'நாரங்' என்றும் அரபியில் 'நாரஞ்ச்' என்றும் திரிந்த சொல்லோடு அது மேற்கே நகர்ந்தது. பத்தாம் நூற்றாண்டின் அரபு வரலாற்றாசிரியரும் பெரும் பயணியுமான அல் மசூதி, இம்மரம் ஹிஜ்ரி 300-க்குப் பிறகு, அதாவது கி.பி. 912-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பின், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது என்றும், அங்கிருந்து பஸ்ராவுக்கும் சிரியாவுக்கும் பரவியது என்றும் எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவில் அதற்கு இருந்த மணமும் நிறமும் மண்ணும் நீரும் மாறிய இடத்தில் குறைந்துபோயின என்ற அவருடைய குறை, ஊர் விட்டு ஊர் போன எல்லாப் பயிர்களைப் பற்றியும் விவசாயிகள் சொல்வதுதான்.

அரபியர் ஆண்ட ஸ்பெயினில் அந்த மரம் இன்றும் தெருவோர நிழலாக நிற்கிறது. செவில் பேராலயத்தை ஒட்டிய நாரத்தை முற்றம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்மொஹது அரசர்கள் கட்டிய பள்ளிவாசலின் முன்றில். பள்ளிவாசல் பேராலயமான பின்னும் முற்றம் தன் பெயரையும் மரங்களையும் இழக்கவில்லை. செங்கல் பாவிய தரையில் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நீர் ஓடும் குறுகிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்க, வரிசையாக நிற்கும் மரங்களில் மாரிக்காலத்தில் பழங்கள் கனத்துத் தொங்கும். இளவேனிலில் பூக்கும் வெண்பூவுக்கு ஸ்பானியர் இட்ட பெயர் 'அசாஹர்'. பூ என்னும் பொருளுடைய 'ஸஹ்ர்' என்ற அரபுச் சொல்லே அது. இவ்வளவு பழுத்துக் கிடக்கும் பழத்தை நகரத்தார் யாரும் உரித்துத் தின்பதில்லை என்பது புதிதாக வருபவர்க்கு வியப்பாக இருக்கும். ஒரு சுளையை வாயிலிட்டால் அந்த வியப்பு உடனே தீர்ந்துவிடும். தடித்த, கரடுமுரடான தோலும், சுளைக்குச் சுளை விதையும், நாக்கைச் சுருட்டும் கசப்பும் கொண்ட அப்பழத்தின் பெரும்பகுதி பிரிட்டனுக்கு மார்மலேடு காய்ச்சப் போகிறது. தோலின் உட்புற வெள்ளைச் சதையிலும் விதையிலும் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளே பாகை உறையச் செய்வது என்பதால், விதைகளை மெல்லிய துணியில் முடிந்து பாகோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது பிரிட்டிஷ் அடுக்களைகளின் வழக்கம். ஆரஞ்சுக்கே உரியதாகக் கருதப்படும் அந்த 'மார்மலேடு' என்ற பெயரும் இரவல்தான்: போர்ச்சுகீசிய மொழியில் 'மர்மேலு' என்பது சீமைமாதுளம்பழம், அதில் செய்த கட்டிப்பாகே முதல் மார்மலேடு.

'நாரஞ்ச்' ஸ்பானியத்தில் 'நரான்ஹா' ஆனபோது முதலெழுத்தான நகரம் நிலைத்தது. இத்தாலியத்தில்தான் அது உதிர்ந்தது. 'உனா' என்பது அம்மொழியில் 'ஒரு' என்று பொருள்படும் பெண்பால் முன்னொட்டு. 'உனா நரான்ச்சா' என்பதை விரைந்து சொல்லும்போது நகரம் முன்சொல்லுக்கு உரியதா பின்சொல்லுக்கு உரியதா என்ற ஐயம் எழுந்து, கேட்டவர்கள் அதை முன்சொல்லோடு சேர்த்துப் பிரித்துவிட, பழம் 'அரான்ச்சா' ஆயிற்று. வெனிஸ் வட்டார வழக்கு மட்டும் 'நரான்சா' என்று நகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர் தங்கள் மொழியில்தான் 'ஒரு நாரஞ்சு' என்பது 'ஓர் ஆரஞ்சு' என்று பிரிந்ததாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆங்கிலத்தில் அவ்வகைப் பிரிப்பு நடந்தது உண்மையே: மேலங்கியைக் குறிக்கும் 'ஏப்ரன்' என்ற சொல் ஒருகாலத்தில் 'நாப்ரன்' ஆக இருந்தது. ஆனால் ஆரஞ்சு, இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் நகரத்தைத் தொலைத்த பிறகே கால்வாயைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தது. பிரெஞ்சில் பொன்னுக்கு 'ஓர்' என்று பெயர். பொன்னிறப் பழத்தின் பெயரில் பொன்னின் ஒலியும் இருக்கட்டும் என்று நாக்கு விரும்பியதால் தொடக்கத்து அகரம் ஒகரமாயிற்று. இலத்தீன் அறிஞர்களும் பொன் என்னும் பொருளுடைய 'ஔரும்' என்ற சொல்லிலிருந்து வந்ததுபோல 'ஔரான்டியம்' என்று எழுதினர். கசப்பு ஆரஞ்சின் தாவரவியல் பெயரில் இன்றும் அது நிற்கிறது. பிழையான சொற்பிறப்பு இவ்வளவு அழகாக அமைவது அரிது.

சிசிலித் தீவில் இச்சொல் பலகாரத்துக்கும் பெயராகியிருக்கிறது. குங்குமப்பூ இட்டு மஞ்சளாக்கிய சோற்றைப் பிசைந்து, நடுவே இறைச்சிக் குழம்பும் பட்டாணியும் வைத்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் உருண்டைக்குச் 'சிறு ஆரஞ்சு' என்பதே பெயர். தீவின் மேற்கேயுள்ள பலெர்மோ நகரத்தார் பழத்தின் பெயர் பெண்பால் என்பதால் அதை 'அரன்ச்சீனா' என்று பெண்பாலிலும், கிழக்கேயுள்ள கத்தானியா நகரத்தார் 'அரன்ச்சீனோ' என்று ஆண்பாலிலும் சொல்வர். ஓய்வொழிவில்லாத இந்த வழக்கில் இத்தாலிய மொழிக் கழகமான க்ருஸ்கா, இரண்டும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதனால் எந்த ஊர்க் கடையிலும் பெயர்ப்பலகை மாறிவிடவில்லை.

தென் பிரான்சில் ரோன் ஆற்றையொட்டி 'ஒரான்ஷ்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. எழுத்தில் அந்த ஊருக்கும் பழத்துக்கும் வேறுபாடு கிடையாது, உறவும் கிடையாது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் 'அராவ்சியோ'. கெல்ட்டியரின் நீர்த்தெய்வம் ஒன்றின் பெயர் அது. 103 மீட்டர் நீளமும் 37 மீட்டர் உயரமுமாக நிற்கும் ரோமானிய அரங்கத்தின் பின்சுவரைப் பார்க்கத்தான் இன்று மக்கள் அவ்வூருக்கு வருகின்றனர். ஊர்ப்பெயர் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து வந்த நிலையும், கிழக்கிலிருந்து வந்த பழப்பெயர் திரிந்த நிலையும் இடைக்காலத்தில் ஒரே ஒலியில் வந்து முட்டின. அந்த முட்டலின் விளைவு அரசியலில் நெடுந்தூரம் சென்றது. அச்சிறு நாட்டின் பட்டம் 1544-இல், ஜெர்மன் பகுதியான நாசாவில் பிறந்த பதினொரு வயதுச் சிறுவன் வில்லியத்துக்கு, பிள்ளையின்றி இறந்த உறவினரின் உரிமையாக வந்தது. அச்சிறுவனே பின்னாளில் ஸ்பெயினுக்கு எதிராக நெதர்லாந்து மக்களின் கிளர்ச்சியை நடத்தி, 1584-இல் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஆரஞ்சு இளவரசர் வில்லியம். ஊரோ 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையால் பிரான்சுக்குப் போய்விட்டது. பட்டமும் நிறமும் நெதர்லாந்தில் தங்கிவிட்டன. அயர்லாந்துக் கொடியின் மூன்றாம் பட்டையும், தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறும், பெர்லினுக்கு வடக்கேயுள்ள ஒரானியன்புர்க் நகரமும் அந்த அரச குடும்பத்தின் வழியாகவே பெயரையோ நிறத்தையோ பெற்றவை. கெல்ட்டியரின் நீர்த்தெய்வம், தன் பெயர் ஒரு பழத்தின் தயவால் இவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்த்திருக்காது. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் வந்ததும் அக்குடும்பத்தின் பெருமைக்காகவே என்று வழிகாட்டிகள் சொல்லும் கதைக்கு மட்டும் ஆவணச் சான்று கிடையாது.

நிறத்தின் பெயரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழம் வருமுன் அந்நிறத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. பழைய ஆங்கிலம் அதை மஞ்சட்சிவப்பு என்று கூட்டிச் சொன்னது. நிறப்பெயராக ஆரஞ்சு நிலைபெற்றது பதினாறாம் நூற்றாண்டில்தான். நெஞ்சு ஆரஞ்சு நிறமாக உள்ள ராபின் குருவிக்கு ஆங்கிலத்தில் 'செந்நெஞ்சு' என்று பெயர் நிற்பதும், அந்நிற முடியுடையவரைச் 'செம்முடியர்' என்பதும், பெயர் வைத்த காலத்தில் கையில் வேறு சொல் இல்லாததன் தடயங்கள்.

ஏப்ரல் 27 அன்று, அரசரின் பிறந்தநாளில், நெதர்லாந்து முழுவதும் 'ஒரான்யெ' ஆகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சோடு விற்கும் 'தொம்பூஸ்' என்ற அடுக்குப் பலகாரத்துக்குக்கூட அன்று பூச்சு மாறுகிறது. ஆனால் அதே கடைத்தெருவில் பழம் வாங்க வேண்டுமானால் 'ஒரான்யெ' என்று கேட்டுப் பயனில்லை. பழத்துக்குப் பெயர் 'சினாசாப்பெல்', அதாவது சீனத்து ஆப்பிள். நிறம் ஒரு வழியிலும் பழம் வேறொரு வழியிலும் நாட்டுக்குள் வந்தன. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் பரப்பிய இனிப்பு ஆரஞ்சு வகைகள், அதுவரை ஐரோப்பா அறிந்த கசப்பு நாரத்தையிலிருந்து வேறுபட்டவை என்று வாங்குபவருக்கு உணர்த்த வேண்டியிருந்ததால் வணிகர்கள் அவற்றுக்குச் சீனத்தின் பெயரைச் சூட்டினர்; இலண்டனிலும் அக்காலத்தில் 'சைனா ஆரஞ்சு' என்று கூவி விற்றனர். பல மாதக் கடற்பயணத்தில் ஆரஞ்சு அழுகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஆம்ஸ்டர்டாம் கரையில் இறங்கிய அந்தச் சீனத்து ஆப்பிள்கள் ஐபீரியத் தோட்டங்களில் காய்த்தவை என்பது விளங்கும். 'காபூல் மாதுளை' என்று கூவும் வியாபாரியிடம் எல்லாப் பழமும் காபூலிலிருந்தா வந்தது?

வடகடல், பால்டிக் துறைமுகங்கள் எல்லாம் ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் வணிகர் வழியாகப் பழத்தைப் பெற்றதால் சொல்லையும் அவர்களிடமிருந்தே பெற்றன. வட ஜெர்மனியின் அப்ஃபெல்சீனெ, டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளின் 'அப்பெல்சீன்', ஃபின்லாந்தின் 'அப்பெல்சீனி', ரஷ்யாவின் 'அபில்சின்' ஆகிய அனைத்தும் 'ஆப்பிள்', 'சீனா' என்ற இரண்டு துண்டுகளின் ஒட்டே. தென் ஜெர்மனியில் பிரெஞ்சு வழிவந்த 'ஒரான்ஷெ' வழங்குகிறது; சாற்றுப் புட்டிகளும் கடை விலைச்சீட்டுகளும் அந்தச் சொல்லையே அச்சிடுவதால் வடக்கில் அப்ஃபெல்சீனெ மெல்லமெல்ல முதியோர் சொல்லாகி வருகிறது. ரஷ்ய மொழியில் பழம் அபில்சின் என்றாலும், நிறம் பிரெஞ்சிலிருந்து வந்த 'அரான்ஷிவி'. குளிர்நாட்டில் கன்றுகளைக் காக்கும் கண்ணாடி வீடு, அரசர்கள் ஆரஞ்சு மரங்களைத் தொட்டியில் வளர்த்த மாளிகையின் பிரெஞ்சுப் பெயரால் 'அரான்ஷிரேயா'. பின்லாந்து வளைகுடாவின் உறைபனிக் கரையில் பீட்டர் பேரரசரின் நண்பர் மென்ஷிகோவ் எழுப்பிய அரண்மனைக்கும் 'ஆரஞ்சு மரம்' என்று பொருள்படும் ஜெர்மன் பெயரே வாய்த்தது.

நடு ஐரோப்பாவில் சொல்லின் தலையில் இன்னொரு சொல் ஏறிக்கொண்டது. இத்தாலியத்தில் 'பொமோ' என்றால் பழம் அல்லது ஆப்பிள். அதை அரான்ச்சாவோடு சேர்த்துச் சொன்னதை ஜெர்மானியர் 'பொமரான்ட்செ' ஆக்கினர். ஜெர்மனில் அது இன்றும் கசப்பு ஆரஞ்சையே குறிக்க, போலந்து, செக், சுலோவாக்கிய, சுலோவேனிய மொழிகளில் அதன் வழிவந்த சொற்கள் இனிப்புப் பழத்துக்கே பெயராகிவிட்டன. கன்னம் சிவந்த நாட்டுப்புறப் பெண்ணைக் கேலியாக 'வயற்காட்டுப் பொமரான்ட்செ' என்று ஜெர்மானியர் சொல்வதுண்டு. 2004-இல் கீவ் நகரச் சதுக்கத்தில் ஆரஞ்சுக் கொடிகளோடு மக்கள் திரண்ட நிகழ்வை உக்ரைனியர் 'பொமரான்ச்செவா' புரட்சி என்றனர், ரஷ்யர் 'அரான்ஷிவயா' புரட்சி என்றனர். ஒரே கொடியின் நிறத்தை ஒருவர் போலந்து வழிவந்த சொல்லாலும் மற்றவர் பாரிஸ் வழிவந்த சொல்லாலும் அழைத்தனர்.

ஹங்கேரியர் பழஞ்சொல்லின் நகரத்தைப் பேணி 'நரன்ச்' என்கின்றனர். பீட்டர் பாச்சோ 1969-இல் எடுத்து, பத்தாண்டுகள் தடையில் கிடந்து 1979-இல் திரைக்கு வந்த 'சாட்சி' என்ற படத்தில், ஹங்கேரி மண்ணில் ஆரஞ்சு விளைவிக்கும் அரசுத் திட்டமொன்று வருகிறது. விளைந்த ஒற்றைப் பழத்தையும் ஒரு சிறுவன் தின்றுவிட, தலைவரின் கையில் எலுமிச்சம்பழம் ஒன்று ஹங்கேரிய ஆரஞ்சு என்று கொடுக்கப்படுகிறது. அப்போதிருந்து அந்நாட்டில் 'ஹங்கேரிய நரன்ச்' என்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டும் அரசுப் பொய் என்று பொருள். 1989-இல் தொடங்கிய வார இதழ் ஒன்று அதையே தன் பெயராக்கிக்கொண்டது.

தெற்கே பால்கன் நாடுகளுக்குள் நுழைந்தவுடன் போர்ச்சுகல் தொடங்குகிறது. ருமேனியாவில் 'போர்த்தொகாலா', பல்கேரியாவில் 'போர்த்தொகால்', அல்பேனியாவில் 'போர்த்தொகால்', கிரேக்கத்தில் 'போர்த்தொகாலி', துருக்கியில் 'போர்த்தகால்'. கிழக்கு மத்தியதரைக் கடற்கரைக்கு இனிப்பு ஆரஞ்சு போர்ச்சுகீசியச் சரக்காக அறிமுகமானதால் இப்பெயர். நேப்பிள்ஸ் வட்டார வழக்கில்கூட அது 'புர்த்துவால்லோ'. கசப்புப் பழம் முன்பே வந்து 'நெராண்ட்சி' என்ற பெயரோடு குடியேறியிருந்ததால், கிரேக்கம் இரண்டு பெயர்களையும் வைத்துக்கொண்டு இரண்டு பழங்களையும் தெளிவாகப் பிரிக்கிறது. இந்தத் தெளிவு ஆங்கிலத்துக்கு வாய்க்கவில்லை. ஏதென்ஸ் நடைபாதை மரங்களில் காய்ப்பது நெராண்ட்சி. வீடுகளில் அதன் தோலைத் துருவி, நீள்பட்டைகளாக உரித்து, ஒவ்வொரு பட்டையையும் சுருட்டி, சுருள் பிரியாதிருக்க ஊசிநூலால் மாலைபோல் கோத்து, கசப்புப் போகுமளவும் தண்ணீர் மாற்றிமாற்றி வேகவைத்துச் சர்க்கரைப்பாகில் இடுவர்; விருந்தினருக்கு ஒரு சிறு தட்டில், ஒரு கரண்டியோடு, ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்து வைப்பது வழக்கம். நாரத்தங்காயைச் சுருள்சுருளாக அரிந்து, உப்புத் திணித்து வெயிலில் காயவைக்கும் தமிழ்நாட்டுக் கைகளுக்கு அந்தச் சுருள் புதிதாகத் தோன்றாது. இஸ்தான்புல்லில் இன்னும் ஒரு நுட்பம்: அங்கே நிறத்தின் பெயர் கசப்புப் பழமான 'துருஞ்ச்' என்பதிலிருந்து 'துருஞ்சு' என்று வருகிறது, பழைய 'நாரஞ்ச்' எலுமிச்சைக் குலம் முழுவதற்குமான 'நரஞ்சியே' என்ற பொதுப்பெயரில் ஒதுங்கி வாழ்கிறது.

இந்த வழியில் முதலிலேயே போயிருக்க வேண்டிய லிஸ்பன் நகருக்குக் கடைசியாகப் போவதில் ஒரு பயன் உண்டு. நேப்பிள்ஸ் முதல் தெஹ்ரான் வரை தங்கள் நாட்டின் பெயரையே பழத்துக்கு ஏற்றிவிட்ட போர்ச்சுகீசியர், தங்கள் வீட்டில் அப்பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'லரான்ஜா'. நகரம் லகரமாகத் திரிந்ததைத் தவிர, அரபியர் விட்டுச்சென்ற சொல் அப்படியே இருக்கிறது. கொடுத்தவன் பெயரை வாங்கியவன்தான் சொல்வான்.

இச்சொல் புறப்பட்ட நாட்டிலும் அதே கதைதான். வட இந்தியாவில் சாத்துக்குடிக்கு வழங்கும் 'மொசம்பி' என்ற பெயர் ஆப்பிரிக்கக் கரையின் மொசாம்பிக்கிலிருந்து வந்தது என்பர். தமிழ்நாட்டுச் சந்தையில் ஆரஞ்சும் நாரத்தையும் அடுத்தடுத்த கூடைகளில் கிடக்கின்றன. ஒன்று ஆங்கிலேயர் வழியாகத் திரும்பி வந்த பெயரோடு பழமாக விலைபோக, மற்றது ஊறுகாய்க்கென்று தனியே பொறுக்கி எடுக்கப்படுகிறது. மலையாளத்தில் மட்டும் 'மதுரநாரங்ஙா' என்று இனிப்புப் பழத்துக்கும் பழைய பெயரே வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அது தோடம்பழம். சிங்களத்தின் 'தொடம்' என்னும் சொல்லோடு உறவுடைய அப்பெயர் மேலே கண்ட மூன்று கிளைகளில் எதிலும் சேராது.